அட்டன் மழையில் ஒரு வேற்றுக்கிரகக் கை

முதலில் கையை அறிமுகப்படுத்தி விடுகிறேன். முழங்கைக்குச் சற்றுக் கீழே தொடங்கி நக நுனி வரை ஏறக்குறைய இரண்டு அடி. விரல் நான்குதான், ஆனால் ஒவ்வொன்றிலும் நமக்கிருப்பதை விட ஒரு மூட்டு கூடுதல். புறங்கை நண்டு ஓடு மாதிரி தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். நடிகர் கையை நுழைக்க உள்ளே ஒரு துணிக் கையுறை ஒட்டியிருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் வீடியோ கடைகளை நம்பி எடுத்த சின்ன பட்ஜெட் படம். விண்கலத்துக்குள் புகுந்த ஜந்து ஆட்களை ஒவ்வொருவராகக் காற்றுக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டு போகும். இழுக்கிற கை இதுதான். பெயரைச் சொன்னாலும் பெரும்பாலானோருக்கு விளங்கப் போவதில்லை, அவ்வளவு பிரபலம்.

டொரொன்டோவில் இருக்கிற என் மச்சான் வாங்கியது. இருவருக்கும் வீடியோ கெசட் வாடகைக்கு எடுத்த காலத்திலிருந்தே இந்தப் பைத்தியம் உண்டு. அங்கே ஒரு சேகரிப்பாளர் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்திருக்கிறது. "தொட்டா தூள் கொட்டுது மச்சான். நீதான் ரப்பர்க்காரர் பேரனாச்சே, நீயே பாரு" என்று எனக்கு அனுப்பிவிட்டான். கொழும்பில் பார்சலைத் திறந்த அதிகாரி கையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஜந்துவின் தலைக்கு ஆசைப்படாத சேகரிப்பாளர் கிடையாது. ஆனால் தலையெல்லாம் நம் கைக்கு எட்டாது. 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்து ஜந்துவை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைத்தவர் எச்.ஆர். கீகர், தாடையும் உள்வாயும் அசைகிற இயந்திர வேலை கார்லோ ராம்பால்டியுடையது, உடைக்குள் நின்றவர் போலாஜி படேஜோ என்ற ஏறத்தாழ ஏழடி உயர நைஜீரிய இளைஞர். தாடை நரம்புக்கு ஆணுறையைக் கிழித்து ஒட்டினார்கள், வழிகிற எச்சிலுக்கு மருந்துக்கடை ஜெல்லியைத் தடவினார்கள். அந்த மாதிரிச் சாமான்கள் இன்று அருங்காட்சியகத்திலும் பெரும் பணக்காரர் அலமாரியிலும் இருக்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்குக் கை, கால், வால் துண்டு, சண்டைக் காட்சிக்குச் செய்த இரண்டாம் பிரதி, இவைதான் மிச்சம். எனக்கு அதில் குறையில்லை. இந்த வகைப் படங்களில் தலை கடைசி அரை மணி நேரத்தில்தான் வரும். அதுவரை படத்தைத் தூக்கிக்கொண்டு போவது கைதான்.

அசலா என்பதற்குக் கூட வந்த சான்றிதழை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காகிதம் யாரும் அச்சடிக்கலாம். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பொருத்துவதுதான் வழி. அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் வரும் தையல் கோட்டைத் தேடக்கூடாது. ஒரே அச்சில் வார்த்த எல்லாக் கைகளிலும் அது ஒரே மாதிரி இருக்கும். வார்ப்பில் தங்கிய காற்றுக் குமிழி, தூரிகை தவறி இழுத்த கோடு, நகம் ஒட்டிய சரிவு, இவைதான் ஒரு கைக்கு மட்டும் சொந்தமானவை. இந்தக் கையில் சுண்டுவிரல் பக்கத்து இரண்டாம் தட்டில் பயறளவு குமிழிப் பள்ளம் ஒன்று. அதற்குள் வெள்ளி நிறம் தேங்கிக் காய்ந்திருக்கிறது. படத்தில் குழாய்க் கம்பியைப் பிடிக்கும் காட்சியில் அந்த வெள்ளிப் பொட்டு மின்னுவதைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது.

சரி, பொருளுக்கு வருவோம். இது நுரை ரப்பர். ரப்பர் பாலைக் கேக் மாவு போல அடித்து நுரையாக்கி, கந்தகம் சேர்த்து, உறைய வைக்கும் மருந்து கலந்து, சாந்து அச்சுக்குள் ஊற்றி, சூளையில் வைத்து வேக வைப்பது. 1939இல் வந்த ‘தி விசர்ட் ஆஃப் ஓஸ்’ ஒப்பனைக்கே ஹொலிவூட் இதைப் பயன்படுத்தியிருக்கிறது. அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஜந்து என்றால் பெரும்பாலும் இதுதான். மெதுமெதுவென்று இருக்கும், தோலோடு தோலாக அசையும், எடை குறைவு. ஆயுள் மட்டும் கிடையாது. செய்தவர்கள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ‘தி திங்’ படத்துக்காக ராப் பாட்டீன் குழு ஒரு வருடத்துக்கு மேல் உழைத்துச் செய்த ஜந்துக்களில் சில கேமரா முன்னாலேயே எரிந்தன. படப்பிடிப்பு முடியும் வரை தாங்கினால் போதும் என்று செய்த பொருளை முப்பது, நாற்பது வருடம் காப்பாற்றப் பார்ப்பதுதான் நம் வேலை.

ரப்பர் ஏன் சாகிறது? அதன் மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் அங்கேதான் வெட்டும். வெளிச்சமும் சூடும் அதை வேகப்படுத்தும். சங்கிலி அறுந்த இடம் முதலில் பிசுபிசுக்கும், பிறகு இறுகும், கடைசியில் ரொட்டித் தூளாகக் கொட்டும். வண்டி டயருக்குக் கரித்தூள் கலப்பதால் அது கொஞ்சம் தாக்குப் பிடிக்கிறது. ஜந்துவின் கைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நுரை என்பதால் உள்ளே வரை காற்று வேறு.

இலங்கை மலையகத்தில் இருக்கிற எங்கள் அட்டன் ஏறக்குறைய 1270 மீட்டர் உயரம். சூடு இல்லை என்பது நல்ல விஷயம். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நம் சரிவில்தான் அடித்து ஊற்றும். வீட்டுக்குள்ளேயே ஈரப்பதம் எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்காது. சப்பாத்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் ஒரு கிழமையில் பூஞ்சணம் பூக்கும் ஊர் இது. கை வந்ததும் சரியாக அந்த நேரத்தில்.

திறந்து பார்த்தபோது மணிக்கட்டு விளிம்பு தூளாகிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அடியில் நீளமாக ஒரு வெடிப்பு. ஆள்காட்டி விரல் உள்ளே சரிந்து தட்டையாகிவிட்டது. உள்ளங்கை முழுக்க வெள்ளைப் படலம். நகங்கள் மட்டும் ரெசினில் வார்த்தவை, அவற்றுக்கு ஒரு கீறல் கூட இல்லை.

பக்கத்தில் நின்ற அத்தை உடனே வைத்தியம் சொன்னார். "தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவி விடுப்பா, பளபளன்னு வந்துரும்." வரும்தான், இரண்டு நாளைக்கு. ரப்பருக்கு எண்ணெய் விஷம். உறிஞ்சி ஊதும், பிறகு மெழுகாக இளகும். தேங்காய் எண்ணெய், வேசலின், சிலிக்கன் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். அத்தைக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

வெள்ளைப் படலம் பூஞ்சணமா, ரப்பரிலிருந்து கந்தகமும் மற்ற மருந்துகளும் மேலே கசிந்து படிந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பூஞ்சணம் நூல் நூலாகத் திட்டுத் திட்டாக இருக்கும், மண் வாடை வரும். கசிவு சீராகப் பரவியிருக்கும். இங்கே விரல் இடுக்கில் பூஞ்சணம், உள்ளங்கையில் கசிவு. பூஞ்சணத்தை மழை விட்டிருந்த காலையில் முற்றத்தில் வைத்து, முகமூடி போட்டு, ஒட்டகமுடித் தூரிகையால் தட்டி எடுத்தேன். தூசு உறிஞ்சியின் வாயில் நுளம்பு வலைத் துண்டைக் கட்டிப் பக்கத்தில் பிடித்துக்கொண்டால் உதிரும் வர்ணத் துணுக்கும் உள்ளே போகாமல் வலையில் நிற்கும். ஈரத்துணி, பிளீச், ஸ்பிரிட் எதையும் காட்டவில்லை. உள்ளங்கைக் கசிவைத் தொடவே இல்லை. அது அந்தப் பொருளின் வயசு.

அப்புறம் காய வைப்பது. இதில் அவசரம் ஆகாது. ஈரம் குடித்த பழைய நுரையைச் சட்டென்று உலர்த்தினால் மேல் வர்ணம் ஒரு அளவுக்குச் சுருங்கும், உள் நுரை வேறு அளவுக்குச் சுருங்கும், வெடிப்பு நீளும். ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரமானி, கொஞ்சமாக ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணி. கிழமைக்கு ஒரு பிடி மணி கூட்டி, எண்பத்தைந்திலிருந்து ஐம்பதுக்கு மெல்ல மெல்ல இறக்கினேன். ஆரஞ்சு நிற மணிதான் வாங்க வேண்டும். ஈரம் குடித்தால் பச்சையாகும், 120 பாகைச் சூட்டில் ‘அவன்’ அடுப்பில் சில மணி நேரம் வைத்தால் திரும்ப ஆரஞ்சு. நீல மணியில் கோபால்ட் இருக்கிறது, வீட்டில் வைத்துச் சூடாக்க எனக்கு மனமில்லை. அரிசியைப் போட்டுவை என்று சொன்னவர்களும் உண்டு. அரிசி போட்டால் வண்டு வரும்.

ஆள்காட்டி விரல்தான் புதிராக இருந்தது. மற்ற மூன்று விரலும் உலர்ந்து இறுகியிருக்க, இது மட்டும் உள்ளே பாகு மாதிரி இளகிக் கிடந்தது. ஏற்கெனவே இருந்த வெடிப்பு வழியாக டோர்ச் அடித்துப் பார்த்தால், கறுத்த பிசுபிசுப்புக்கு நடுவில் ஒரு பச்சைக் கோடு. போட்டோ எடுத்து எட்டியாந்தோட்டையில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன். தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியது. மாமா அங்கே ஃபெக்டரியில் ஷீட் போடும் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். படத்தைப் பார்த்த உடனே அழைத்தார்.

"உள்ள செம்புக் கம்பி இருக்கு மருமகனே. செம்பு பட்ட பால் உருப்படாது. எங்க காலத்துல பால் உறைய வைக்கிற இடத்துக்குப் பித்தளைச் சாமான் ஒண்ணு கொண்டு போனாலே கணக்கப்பிள்ளை ஏசுவாரு. எல்லாம் அலுமினியத் தட்டுத்தான்."

அவர் சொன்னது வேதியியல்படியும் சரி. செம்பும் மாங்கனீசும் சிறிதளவு இருந்தாலே ரப்பரின் ஆக்சிஜனேற்றத்தைப் பல மடங்கு வேகப்படுத்தும். வழக்கமாக விரலுக்குள் வளைவு நிற்க அலுமினியக் கம்பி வைப்பார்கள். இந்தப் படத்துக் குழு கையில் கிடைத்த மின்கம்பியை உரித்து வைத்துவிட்டது போலிருக்கிறது. மற்ற மூன்று விரலில் அலுமினியம்தான். அன்றைக்குக் கம்பி தீர்ந்திருக்க வேண்டும்.

எடுப்பதா விடுவதா என்று நிறைய யோசித்தேன். பொதுவாக அசல் சாமானிலிருந்து எதையும் கழற்றக்கூடாது என்பது என் கொள்கை. ஆனால் இந்தக் கம்பி உள்ளே இருக்கும் வரை விரல் அழுகிக்கொண்டே இருக்கும், அடுத்து உள்ளங்கைக்கும் பரவும். வெடிப்பு வழியாக நீண்ட இடுக்கியை விட்டு, கம்பியைத் திருகித் திருகி இழுத்தேன். பச்சை பிடித்த பிசின் கூடவே வந்தது. நல்ல நுரை தென்படும் வரை மரக்குச்சியால் வழித்தெடுத்தேன். கம்பியை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு, எந்த விரலிலிருந்து வந்தது என்று எழுதி ஒட்டி, கையின் ஆவணங்களோடு வைத்திருக்கிறேன். உதிர்ந்த தூளுக்கும் தனித்தனிப் பை உண்டு. நாளைக்கு இது வேறு ஒருவரிடம் போனால் எது அசல், எது என் கைவேலை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

காலியான விரலுக்குள் என்ன வைப்பது? புதிதாக நுரை அடித்து வார்க்கலாம். ஆனால் அதன் நான்கு மருந்தும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதோடு குளிர் அறையில் உறைய வைக்கும் மருந்தின் அளவு மாறும், அட்டன் குளிருக்குத் தனிக் கணக்கே போட வேண்டியிருக்கும். இவ்வளவு சிரமம் தேவையில்லை. இலங்கையில் இயற்கை ரப்பர் மெத்தை செய்கிறார்கள் அல்லவா? அதுவும் அடித்த பால்தான், உறைய வைத்து வேக வைத்த நுரைதான். அவிசாவளைப் பக்கம் தெரிந்தவர் மூலம் மெத்தை வெட்டிய துண்டுகள் ஒரு பை கிடைத்தது. கத்தரியால் விரல் வடிவத்துக்கு வெட்டி, மெல்லிய பொலியெஸ்டர் பஞ்சில் சுற்றி, பசை போடாமல் உள்ளே செருகினேன். பசை இல்லாததால் வேண்டுமென்றால் நாளை வெளியே எடுக்கலாம். விரல் நிமிர்ந்துவிட்டது.

வெடிப்பை ஒட்ட ரப்பர் பால் தேவை. மரத்திலிருந்து இறங்கும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதைச் சுழற்றிப் பிரித்து அறுபது சதவீதமாக்கி, உறையாமல் இருக்க அமோனியா சேர்த்து விற்கிறார்கள். மாமா ஒரு போத்தல் வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டார். 1876இல் பிரேசில் விதையில் முளைத்த நாற்றுகள் லண்டன் கியூ தோட்டம் வழியாகக் கம்பஹாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொடைக்கு வந்தன. அந்த மரத்தின் வம்சத்துப் பால் ஒரு ஹொலிவூட் ஜந்துவுக்குக் கட்டுப் போடுகிறது என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அமோனியா நெடியில் அம்மா மட்டும் சந்தோஷமாக இல்லை.

ஒட்டிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். வெளியிலிருந்து பாலை வெடிப்புக்குள் ஊற்றி மூடினால் அசல் தோலில் பளபளவென்று ஒரு தழும்பு நிற்கும். உள்பக்கம்தான் வேலை செய்ய வேண்டும். கையுறைத் துணி பிரிந்திருந்த இடத்தில் இரண்டு விரலை விட்டு, வெடிப்பின் பின்புறம் நைலோன் காலுறைத் துண்டை வைத்தேன். துண்டிலும் நுரையிலும் தனித்தனியாகப் பாலை மெல்லியதாகத் தடவிக் காத்திருக்க வேண்டும். பால் வெள்ளையாக இருக்கும்போது சேர்த்தால் வழுக்கும். வெள்ளை போய்த் தேன் நிறமாகத் தெளிந்த பிறகு ஒன்றோடொன்று பட்டால் போதும், உடனே பிடிக்கும், மாற்றி வைக்க வழியே இல்லை. அதனால் விளிம்பு இரண்டையும் சரியாகச் சேர்த்து வெளியே காகித டேப்பின் சின்னத் துண்டுகளால் முதலிலேயே நிறுத்திக்கொண்டு, கட்டைவிரல் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகப் போனேன். கீழ்நாட்டில் அரை மணியில் தெளிகிற பால் இங்கே மூடுபனி நாளில் பாதிப் பகலை எடுத்துக்கொள்ளும். மேசை விளக்கைத் தள்ளி வைத்து லேசான சூடு மட்டும் காட்டினேன். ஹெயார் ட்ரையர் வேண்டாம், பழைய வர்ணம் சுருண்டு எழும்பும்.

மணிக்கட்டு விளிம்பையும் அதே பாலில் தண்ணீர் கலந்து, தூரிகை நுனியால் தூளாகும் இடத்தில் மட்டும் ஊற வைத்துக் கட்டினேன்.

வர்ணத்துக்குக் கண்ணுள்ள ஆள் வேண்டும். மாசி மாதம் காமன் கூத்துக்கு வேடம் கட்டுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். வீரபத்திரனுக்கும் எமனுக்கும் முகம் எழுதிப் பழகிய கை. வெடிப்பு ஓரத்தில் தெரிந்த புது ரப்பர் கோட்டுக்கு மட்டும் நிறம் போதும், அசல் வர்ணத்தின் மேல் ஒரு பொட்டுக் கூட விழக்கூடாது என்று சொன்னபோது அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "முழுக்க ஒரு கை பூசினா புதுசா ஆயிரும் அண்ணே" என்றார். அதுதான் பயமே. முழுக்கப் பூசினால் அந்த வெள்ளிப் பொட்டும் போகும், படத்தோடு பொருத்த ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் அது ரப்பர் கை, அவ்வளவுதான். பாலில் அக்ரிலிக் கலந்து அவர் எடுத்த பச்சையும் பழுப்பும் மிகத் துல்லியம். ரப்பர் பால் காய்ந்தால் நிறம் இருட்டும் என்பதால் இரண்டு படி வெளிறலாகக் கலந்தார். ஒரு அடி தள்ளி நின்றால் ஒட்டு தெரியாது, கிட்டே குனிந்தால் தெரியும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

இதைக் கேள்விப்பட்ட ஒருவர் சிலிக்கன் அச்சு எடுத்து நான்கு பிரதி வார்க்கலாம், நல்ல விலை போகும் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். பழைய நுரையிலிருந்து அச்சைப் பிரிக்கும்போது தோலோடு உரிந்து வர நிறைய வாய்ப்பு உண்டு. அதை விடப் பெரிய தொல்லை, அந்தப் பிரதிகள் கை மாறி மாறிப் பத்து வருடத்தில் அசல் என்று விற்பனைக்கு வரும். குமிழிப் பள்ளம் உட்பட எல்லாம் அச்சாகியிருக்கும், யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வைப்பதற்குப் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைச் சித்தப்பா கொண்டுவந்தார். ஒட்டுப்பலகை, ஓரத்தில் தகரம், பக்கத்தில் தோட்டத்துப் பெயர். பார்க்க எவ்வளவு அழகு! ஆனால் ஒட்டுப்பலகையின் பசையிலிருந்து அமில ஆவி கசிந்துகொண்டே இருக்கும். அது இப்போது என் புத்தகங்களுக்கு. தேயிலையிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு ஒன்று, ஏற்றுமதிப் பொதிக்குப் பயன்படுத்தும் அலுமினியத் தாள் பை. தேயிலைக்கு ஈரமும் காற்றும் ஆகாது, அதற்கென்றே செய்தது. பெரிய அளவில் வாங்கி, கையை அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, விரல்களுக்கு இடையில் பொலியெஸ்டர் பஞ்சு வைத்து, ஐம்பது சதவீத ஈரத்துக்குப் பழக்கிய சிலிக்கா மணியும் ஆக்சிஜன் உறிஞ்சும் சிறு பொட்டலங்களும் போட்டு, சூட்டு இயந்திரத்தால் வாயை ஒட்டிவிட்டேன். பொட்டலத்தில் இருப்பது இரும்புத் தூள், வேலை செய்யும்போது சூடேறும், ரப்பரில் படாமல் ஒரு ஓரத்தில் தனி உறையில் இருக்க வேண்டும். பத்திரிகைத் தாள், பி.வி.சி. பை, பொதி கட்டும் ரப்பர் வளையம் எதுவும் கிட்டே வரக்கூடாது.

வருகிறவர்களுக்குக் காட்ட, சீல் வைப்பதற்கு முன் நான்கு பக்கமும் எடுத்த பெரிய படங்கள் சுவரில் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு தடவை பையைத் திறந்து பார்த்துத் திரும்ப ஒட்டுவதாகத் திட்டம். அதையும் இங்கே செய்யாமல் ஜூலை, ஆகஸ்டில் பண்டாரவளை அக்கா வீட்டுக்குக் கொண்டு போய்ச் செய்வேன். நாம் இங்கே மழையில் நனையும்போது ஊவாப் பக்கம் கச்சான் காற்று அடித்து நன்றாக உலர்ந்திருக்கும். அக்காவுக்கு ஒரே நிபந்தனை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் திறக்க வேண்டும்.

மச்சான் இப்போது ஒரு வால் துண்டு பார்த்திருக்கிறானாம். பொலியுரேத்தேன் நுரையாக இருந்தால் வேண்டாம் என்று சொன்னேன். அதில் ஒரு வகை காற்று ஈரத்திலேயே கரைந்து போகும், அட்டனில் வைத்துக் காப்பாற்ற முடியாது. சிலிக்கன் என்றால் வாங்கு, ஜனவரிக்குப் பிறகு அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.